நிற்கும் பலகை, ஓடும் பலகை

திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளத்துக்குக் கார் ஓட்டிச் செல்பவர் கேசவதாசபுரம் சந்திப்பில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அங்கே பிரியும் இரண்டு சாலைகளில் ஒன்று தேசிய நெடுஞ்சாலை 66. கழக்கூட்டம், கொல்லம், ஆலப்புழை என்று கடலை ஒட்டிப் போவது அது. மற்றது அங்கேயே தொடங்கும் எம்.சி. ரோடு. கொட்டாரக்கரை, கோட்டயம் என்று உள்நாட்டுப் பக்கமாக அங்கமாலி வரை நீள்வது. எர்ணாகுளத்துக்கு இரண்டு வழியிலும் போகலாம் என்பதால், திசைப் பலகை ஊர்ப்பெயரை மட்டும் சொன்னால் போதாது.

இனி தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு வருவோம். எர்ணாகுளம் பேருந்தின் நெற்றியிலும் அதே சிக்கல்தான். சேரும் ஊர் பெரிய எழுத்தில் இருக்கிறது. 'கோட்டயம் வழி', 'ஆலப்புழை வழி' என்பது சிறிய எழுத்தில் இருக்கிறது. சாலைப் பலகை அம்புக்குறியால் செய்வதைப் பேருந்துப் பலகை ஒரு சிறு வரியால் செய்கிறது. முன்னதில் பலகை நிற்கிறது, படிப்பவர் ஓடுகிறார். பின்னதில் பலகை ஓடுகிறது, படிப்பவர் நிற்கிறார். இந்த இடமாற்றத்தைத் தவிர இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று பார்க்கத் தொடங்கினால், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கிடைக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. ஓர் அங்குல உயரமுள்ள ரோமன் எழுத்தை 30 அடி தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது சாலைப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொது விதி. 15 செ.மீ. எழுத்து என்றால் சுமார் 55 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வருபவர் அந்தத் தூரத்தை மூன்று விநாடிகளில் தாண்டிவிடுவார். பேருந்துப் பலகையில் எழுத்து 10 செ.மீ. என்று கொண்டால், 36 மீட்டரிலிருந்துதான் படிக்க முடியும். 30 கி.மீ. வேகத்தில் நிறுத்தத்தை நெருங்கும் பேருந்து அதை நான்கு விநாடிகளில் கடக்கும். சாவகாசமாக நிற்பதாக நாம் எண்ணும் பயணிக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு விநாடி. முன்னால் இன்னொரு பேருந்து மறைத்து நின்றால் அதுவும் போய்விடும்.

இரு பலகைகளுக்கும் உள்ள இந்த நெருக்கத்தை வரலாறும் ஒருமுறை காட்டியிருக்கிறது. பிரிட்டனின் சாலைப் பலகைகளைப் புதிதாக வடிவமைத்தவர்கள் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும். முதலெழுத்து பெரியதாகவும் மற்றவை சிறியதாகவும் எழுதும் அவர்களது முறைக்கும், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அமைத்த டேவிட் கிண்டர்ஸ்லியின் முறைக்கும் 1961இல் பென்சன் விமானத்தளத்தில் போட்டி நடந்தது. விமானப்படையினர் மேடையில் உட்கார்ந்திருக்க, கூரையில் பலகை பொருத்திய கார் அவர்களை நோக்கி ஓடிவந்தது. ஓடும் ஓட்டுநருக்கான பலகையைச் சோதிக்க, படிப்பவரை உட்காரவைத்துப் பலகையை ஓடவிட்டார்கள். அந்த மேடைக்கும் நம் பேருந்து நிறுத்தத்துக்கும் என்ன வேறுபாடு? கிண்டர்ஸ்லியின் எழுத்து மயிரிழையில் முந்தியது. ஆனாலும் வேறுபாடு மிகச் சிறியது என்பதால் கின்னியர்-கால்வெர்ட் எழுத்தே தேர்வாகி, 1965 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வேறுபாடுகள் உண்மையாகவே தொடங்குவது துணையில்தான். பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாதவர் தனியாக இல்லை. மலையாளம் அறியாத நாகர்கோவில்காரர் "சேட்டா, இது கோட்டயம் வழியா?" என்று கேட்டால், கண்டக்டர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் பதில் சொல்வார். கார் ஓட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது. கேட்க வேண்டுமானால் நிறுத்த வேண்டும், நடுச்சந்திப்பில் நிறுத்துவதே ஆபத்து. ஆகவே சாலைப் பலகை தானே முழுதும் பேசியாக வேண்டும். பேருந்துப் பலகையோ பாதியை மனிதர்களிடம் விட்டுவிடுகிறது. ஒன்றுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் 1977லேயே தனி விதிநூல் வகுத்ததற்கும், மற்றது பெரும்பாலும் பெயிண்டரின் கைப்பழக்கத்தில் வளர்ந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். ஆனால் காது கேளாதவரையும், இரவு நேரத்தில் ஆளில்லாத நிறுத்தத்தில் தனியே நிற்கும் பெண்ணையும் நினைத்தால், அந்தப் பாதியை நம்பிவிடுவது நியாயமாகப் படவில்லை.

படத்தால் பேசுவதிலும் இரண்டும் விலகி நிற்கின்றன. வளைவு, பள்ளி, வழுக்கும் சாலை ஆகியவற்றைச் சிவப்பு முக்கோணத்துக்குள் வரைந்துவிடலாம். பேருந்துப் பலகையில் வரும் நெடுமங்காடு என்ற ஊரை எப்படி வரைவது? 1969இல் திறந்த மெக்சிகோ நகர மெட்ரோவுக்கு வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் நிலையத்துக்கு ஒரு சின்னம் வரைந்து, எழுத்தறியாதவருக்கும் வழி காட்டினார். ஆனால் அது எல்லை வகுத்த ஒரு வலைப்பின்னல். கிராமம் கிராமமாகக் கிளைக்கும் பேருந்துக்கு அது ஒத்துவராது.

நிறத்தில் மீண்டும் இரண்டும் கைகோக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையின் மைல்கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை என்பது பழைய ஏற்பாடு. 2021இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய, கேரள அரசுப் பேருந்துக் கழகத்தின் (கே.எஸ்.ஆர்.டி.சி.) சிட்டி சர்க்குலர் சேவையும் தன் சுற்றுவழிகளுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களால் பெயரிட்டது. எழுத்து தெளிவதற்கு முன்பே நிறம் தெரிந்துவிடுகிறது. நிறக்குருடு உள்ளவரைச் சாலைப் பலகை வடிவத்தால் காக்கிறது. 'நில்' பலகையின் எண்கோணத்தைப் பின்புறமிருந்தும் அடையாளம் காணலாம். பேருந்து அதே பாதுகாப்பைத் தரவேண்டுமானால் பெரிய வழித்தட எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இரவில் நிலைமை வேறு. சாலைப் பலகை, வரும் வண்டியின் முகப்பு விளக்கை வாங்கி ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. நிறுத்தத்தில் நிற்பவரிடம் விளக்கு இல்லை, அதனால் பேருந்து தன் ஒளியைத் தானே சுமந்து வர வேண்டும். இரு ஒளிகளும் எழுத்துக்குச் செய்யும் கெடுதல் மட்டும் ஒன்றுதான். மிகுந்த வெளிச்சம் எழுத்தின் உள்வெளிகளை நிரப்பிவிடுகிறது. வளைவும் சுழியுமான மலையாள எழுத்துக்கு இது பெரிய சோதனை. நகரின் பெயரையே பாருங்கள். 1991இல் டிரிவான்ட்ரம் போய்த் திருவனந்தபுரம் வந்தபோது, ஆங்கிலத்தில் 10 எழுத்து 18 ஆனது. மலையாளத்தில் அது ஏழே எழுத்துகளில் அடங்கும், ஆனால் நடுவில் உள்ள கூட்டெழுத்து, புள்ளிகளால் ஆன எல்.இ.டி. பலகையில் எளிதில் கட்டியாகிவிடும்.

எல்.இ.டி. வந்ததும் இன்னொரு பிழை இரு பக்கமும் பரவியது: எழுத்தை ஓடவிடுவது. அமெரிக்காவின் சாலைக் குறியீட்டு விதிநூல், மின்னணுச் செய்திப் பலகையில் எழுத்து நகர்வதைத் தடை செய்கிறது. நான்கு விநாடிக் கணக்கு அறிந்தவர் பேருந்திலும் அதை அனுமதிக்க மாட்டார். ஓடும் வண்டியில் ஓடும் எழுத்தைப் படிக்கச் சொல்வது பயணிக்கு இழைக்கும் அநீதி.

பென்சன் சோதனையைத் திருவனந்தபுரத்தில் செய்து பார்க்கலாம். போக்குவரத்தை ஆராய்வதற்கென்றே 1976இல் உருவான நாட்பாக் இங்கேதான் இருக்கிறது, பேருந்துக் கழகத்தின் தலைமையகமும் இங்கேதான். தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்ப 1971இல் கூட்டெழுத்துகளைப் பிரித்தெழுதிய சீர்திருத்த வடிவம் தொலைவிலிருந்து தெளிவாகத் தெரிகிறதா, பழைய வடிவமா என்பதை ஒரு நேரான சாலையில் ஒரு பேருந்தை ஓடவிட்டு அளக்கலாம். உட்கார்ந்து படிப்பவர்களில் பாதிப்பேர் நாகர்கோவிலிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வருபவர்களாக இருக்கட்டும். பகலில் ஒருமுறை நடத்திவிட்டு, ஜூன் மாத மழையிரவில் மறுமுறை நடத்த வேண்டும்.