செயற்கைக்கோள் தொலைக்காட்சி: வீட்டிலும் கேரவனிலும்

நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் புவியோடு இணைந்து சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து டிஷ் ஆன்டெனா வழியே நேரடியாகப் பெறப்படும் ஒளிபரப்பு. அமெரிக்காவில் டைரக்டிவி 1994-லும், டிஷ் நெட்வொர்க் 1996-லும் இச்சேவையைத் தொடங்கின.

அங்கு வீட்டில் டிஷ்ஷைத் தெற்கு வானை நோக்கி ஒருமுறை பொருத்தினால் போதும். ஆர்.வி. எனப்படும் கேரவனில் ஊருக்கு ஊர் திசையும் ஏற்றக்கோணமும் மாறும். எனவே கூரையில் தானியங்கிக் குவிமாட ஆன்டெனாவையோ, தரையில் முக்காலி டிஷ்ஷையோ பயன்படுத்துவர். மரக்கிளைகள் சமிக்ஞையை மறைக்கும். முக்காலியானால் வெட்டவெளிக்கு நகர்த்தலாம். கனமழை இரண்டையும் பாதிக்கும். உள்ளூர் அலைவரிசைகள் பெரும்பாலும் குறுகிய கற்றையில் வருவதால், சொந்த வட்டாரத்தைத் தாண்டினால் கிடைக்காது. நெடும்பயணம் செல்வோர் சேவை முகவரியை மாற்றும் வசதியை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.