புற்றுக்காளான்

மழைக்குப் பின் கறையான் புற்றருகிலும் புல்தரையிலும் முளைத்து, இரண்டு மூன்று நாளில் அழுகிப்போகும் உணவுக் காளான்களின் பொதுப்பெயர் புற்றுக்காளான். அறிவியலில் இவை டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினம். ஆப்பிரிக்காவிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் காணப்படுகின்றன. ஜாம்பியாவின் டைட்டானிக்கஸ் இனத்தின் குடை ஒரு மீட்டர் வரை விரியும். தமிழகத்திலும் இலங்கையிலும் வளரும் மைக்ரோகார்பஸ் இனத்தின் குடையோ 1 முதல் 2.5 செ.மீ. வரைதான்.

வளரும் விதம்

கறையான்கள் மென்று தின்ற சருகையும் மரத்தூளையும் எச்சமாக இட்டு, புற்றுக்குள் துளைகள் நிறைந்த அடை கட்டுகின்றன. அதில் பூஞ்சை படர்ந்து வெண்மணிகளாகத் திரளும். மணிகளும் பூஞ்சை பதப்படுத்திய அடையும் கறையானுக்கு உணவு. இந்தக் கூட்டுவாழ்வு ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. பெரிய இனங்கள் அடையிலிருந்தே வேர் போன்ற நீண்ட காம்பை விட்டு மண்ணைத் துளைத்து வெளிவரும். மைக்ரோகார்பஸுக்கு அந்த வேர்க்காம்பு இல்லை. வேலைக்காரக் கறையான்கள் அடைத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து தரையில் பரப்பிவிட, அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் முளைக்கிறது. குடை வெண்மை, நடுவில் சாம்பல் படிந்த கூர்முனை, வித்துத்தூள் இளஞ்சிவப்பு.

இலக்கியத்தில்

சங்க நூல்களில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, விடியலில் ஆய்மகள் கடையும் கட்டித் தயிரைக் காளானின் வெண்மொட்டுக்கு ஒப்பிடுகிறது. காஞ்சிக்குத் தெற்கே ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், வறுமைப்பட்ட பாணனின் அடுக்களையில் கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அது எந்த இனம் என்று பாட்டு சொல்லவில்லை. கறையான் அரித்த இடத்தில் காளான் வரும் என்பதைப் புலவர் கவனித்திருக்கிறார்.

ஆய்வு வரலாறு

லின்னேயஸின் மாணவரும் ஆர்க்காட்டு நவாபிடம் பணியாற்றியவருமான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779இல் எழுதிய ஜெர்மன் கட்டுரையில் புற்றுக்குள் இருக்கும் பூஞ்சையைக் குறிப்பிட்டார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவெய்ட்ஸ் இலங்கையில் சேகரித்து அனுப்பிய காளான்களை ஆராய்ந்த பெர்க்லியும் புரூமும் 1871இல் அகாரிகஸ் மைக்ரோகார்பஸ் என்ற இனத்தை விவரித்தனர். 1906இல் டாம் பெட்ச் இலங்கைப் புற்றுகளின் பூஞ்சைகளைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942இல் டெர்மிட்டோமைசிஸ் பேரினத்தை உருவாக்கி மைக்ரோகார்பஸை அதில் சேர்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த புதிய இனத்துக்கு ஹைமைச் சிறப்பித்து ஹைமி என்று பெயரிட்டார்.

உணவும் எச்சரிக்கையும்

மழை விட்ட மறுநாள் விடியலில், புழு விழுமுன் பறித்து, மண் போகப் பலமுறை அலசி, அன்றே குழம்பாகவோ வறுவலாகவோ சமைப்பது வழக்கம். புல்வெளியில் வளரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற வெண்குடை நச்சுக்காளான் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். முற்றியதும் அதன் குடையடிச் செவுள்கள் பச்சையாக மாறும். இளசில் அந்த அடையாளமும் இருக்காது. ஆகவே இனம் தெரியாத காளானைச் சமைக்கக் கூடாது.

சிப்பிக்காளானும் பால்காளானும் வைக்கோலில் வளர்க்கப்பட்டு ஆண்டு முழுவதும் கடைக்கு வருகின்றன. கறையானின்றிப் புற்றுக்காளானை வணிக அளவில் வளர்க்கும் வழி இன்னும் கைகூடவில்லை.