அம்மாவின் சொம்பு

என் அம்மா எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். பூத்தொடுக்கும்போது, அரிசி புடைக்கும்போது, இரவில் தலைமாட்டில். திருவண்ணாமலையில் இது யார் கண்ணிலும் படாது. பகலெல்லாம் மலை குடித்த வெயிலை ராத்திரி முழுக்க ஊர்மேல் விடும், எல்லாருக்கும்தான் தாகம். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் 1994ஆம் வருடத்து மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தது. அமிட்ரிப்டிலின் 25, இரவு ஒன்று. வேலூருக்கு பஸ் ஏறி டாக்டரைப் பார்த்து வந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. வீட்டில் அதற்கு "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர். மாத்திரைக்குத் "தூக்க மாத்திரை". மனச்சோர்வு என்ற சொல் எங்கள் வாசற்படி ஏறியதே இல்லை.

அந்த மாத்திரை என்னவெல்லாம் செய்யும் என்று பின்னாளில்தான் படித்தேன். வாய் உலரும். மலச்சிக்கல் வரும். சிறுநீர் எளிதில் பிரியாது. எடை கூடும். படுத்து எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றும். பாடப்புத்தகத்தில் ஐந்து சிறிய வாக்கியங்கள். எங்கள் வீட்டில் அப்போது கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை ஏரிக்கரைக்குப் போவார்கள். இருட்டு இருக்கும் நேரத்துக்குள் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத உடம்போடு அம்மா எத்தனை நாள் வெறுமனே திரும்பி வந்திருப்பார்? "தின்றதும் தூங்குறதும்தான் வேலை" என்று அப்பா சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு மார்கழிக் காலை, கோலம் போட எழுந்தவர் வாசலில் அப்படியே விழுந்தார். காத்துக்கருப்பு அடித்திருக்கிறது என்று தெருவே முடிவு செய்தது. எலுமிச்சம்பழம் சுற்றி, வேப்பிலை அடித்து, கையில் கயிறு கட்டினார்கள். மருந்தால் இறங்கிய ரத்த அழுத்தத்துக்குப் பேய் என்று பெயர் வைத்த ஊர் எங்களுடையது மட்டுமாக இருக்காது.

அந்த மாத்திரையின் வம்சத்தைத் தேடிப் போனால் ஸ்விட்சர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போய்ச் சேர்வோம். அங்கிருந்த மனநல மருத்துவமனையில் ரோலாண்ட் கூன், கெய்கி நிறுவனத்தின் ஜி 22355 என்ற சேர்மத்தைச் சோதித்துவந்தார். மனச்சிதைவுக்கு அது உதவவில்லை. 1956 ஜனவரியில் ஆழ்ந்த சோர்வில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தபோது சில நாளில் அவர் தெளிந்தார். அதுதான் இமிப்ரமின், டிரைசைக்ளிக் வகை மருந்துகளில் முதலாவது. கூனின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு முதற்பெயரும் இரண்டு எழுத்தும்தான். கூன் நோயாளிகளிடம் நடத்திய மருந்துச் சோதனைகளைப் பற்றி அந்த மாநில அரசே ஆய்வு செய்யச் சொல்லி, 2019இல் அது நூலாக வந்தது. பலரிடம் முறையான சம்மதம் வாங்கப்படவில்லை. அதே குடும்பத்தில் 1961இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த தங்கைதான் அம்மாவின் அமிட்ரிப்டிலின்.

இன்னொரு வகையும் அதே காலத்தில் வந்தது. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் கொடுக்கப்பட்டவர்களுக்கு உற்சாகம் கூடியதைப் பார்த்துப் பிறந்தவை, எம்.ஏ.ஓ. தடுப்பான்கள். இவற்றைச் சாப்பிட்ட சிலருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி வந்தது, ரத்த அழுத்தம் எகிறியது. காரணம் நாட்பட்ட பாலாடைக்கட்டி என்று 1963இல் பாரி பிளாக்வெல் எழுதினார். அவருக்குத் துப்புக் கொடுத்தவர் ஓர் ஆங்கில மருந்தாளர். தன் மனைவி சீஸ் சாப்பிட்டபோதெல்லாம் தலைவலி வந்ததைக் கவனித்துக் கடிதம் எழுதினார். ஒரு மனைவிக்குத் தலை வலித்ததை ஒரு கணவர் எழுதிவைத்தார் என்பதற்காகவே எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகம் முழுக்க ரத்தக் கொதிப்புக்கு விற்றது. அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து அழுதார்கள். மூளையில் சில வேதிப்பொருள்கள் குறைவதுதான் மனச்சோர்வு என்ற கோட்பாடு பாதி அந்தப் பக்க விளைவின் மேல்தான் கட்டப்பட்டது. இன்று அந்தக் கோட்பாடே பலமாகக் கேள்வி கேட்கப்படுகிறது.

ஆனால் மாத்திரை வருவதற்கு முன் எங்கள் ஊரில் பெண்ணின் துக்கம் எங்கே போயிற்று? எச்சம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்டகொளத்தூர்க்காரர். கணவர், மகன், மகள் என்று அடுத்தடுத்து எல்லாரையும் இழந்து, 1906இல் மலையேறி வந்து ரமணர் முன்னால் பேசாமல் நின்றார். துக்கம் இறங்கிவிட்டது என்கின்றன ஆசிரமத்து நூல்கள். நான் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்கவைக்கிறது. 1945இல் தான் இறக்கும்வரை தினமும் சமைத்து ரமணருக்கு எடுத்துப்போனார். இடையில் வளர்ப்பு மகளையும் இழந்தார், சமையல் நிற்கவில்லை. அது பக்தியா, மருந்தா, வேலையா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் இதே வீதிகளில் சேஷாத்திரி சுவாமிகள் திரிந்தார். கடைக்குள் புகுந்து சாமான்களை வாரி இறைப்பார். பைத்தியம் என்றார்கள், பிறகு மகான் என்றார்கள், அவர் கை பட்டால் வியாபாரம் பெருகும் என்று கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு பெண் அப்படிக் கடைக்குள் புகுந்திருந்தால்? கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் கந்தலோடு பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆணுக்குச் சாமி என்று காசு விழுகிறது. அதே கந்தலில் பெண் இருந்தால் "கிறுக்கி". இது பழைய கதையல்ல, போன பௌர்ணமிக்குப் பார்த்தது.

இதையெல்லாம் சொல்வதால் நான் மாத்திரைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைத்திருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். மாத்திரைக்கு மாற்று எப்போதும் அன்பான குடும்பமும் அமைதியான மலையுமாக இருந்ததில்லை. சாரதா மேனன் 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைக்கு வந்தபோது அவர் கையில் புதிதாக இருந்தவற்றில் ஒன்று இந்த மாத்திரைகள்தான். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர் அவர்.

என் முறை 2016இல் வந்தது. எஸ்சிட்டலோபிராம், 10 மில்லிகிராம். 1987இல் அமெரிக்கா அனுமதித்த ஃப்ளூவாக்ஸெட்டினின் வரிசையில் செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் என்று வந்தவற்றில் இதுவும் ஒன்று. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை தந்ததால், இந்திய நிறுவனங்கள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்க முடிந்தது. 1990களிலேயே ஃப்ளூவாக்ஸெட்டின் நம் ஊர் மருந்துக்கடைக்கு வந்தது அப்படித்தான்.

அம்மாவுக்கு வந்ததெல்லாம் எனக்கு அவ்வளவாக வரவில்லை. இந்த வகை, அளவு மீறிப் போனாலும் டிரைசைக்ளிக் போல எளிதில் இதயத்தை நிறுத்திவிடாது. விஷம் தேடும் மனநிலையில் இருப்பவர் கையில் கொடுக்கும் மருந்து என்பதால் அது சின்ன விஷயமல்ல. முதல் இரண்டு வாரம் குமட்டல், வியர்வை. வயதான பெண்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். 24 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று எச்சரிக்கை உண்டு. எடையும் தூக்கமும் வேண்டியவருக்கு மிர்டாஸபின் வரம், மற்றவருக்குத் தொல்லை. 2018இல் லான்செட்டில் வந்த பெரிய ஒப்பீடு 21 மருந்துகளை 522 சோதனைகளிலிருந்து எடைபோட்டது. எல்லாமே போலி மாத்திரையைவிட மேல். பலனில் முன்னால் நின்றவற்றில் அம்மாவின் பழைய அமிட்ரிப்டிலினும் ஒன்று. படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எனக்குப் போனது ஆசை. உடம்பு மரத்த மாதிரி. என்னைப் பார்த்த மருத்துவர் தூக்கம் கேட்டார், சாப்பாடு கேட்டார், வீட்டு வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டார். இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1997இல் ஸ்பெயினில் 344 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. தாமாகப் பாலுறவுச் சிக்கலைச் சொன்னவர்கள் 14 சதவீதம். நேராகக் கேட்டபோது 58. ஸ்பெயினிலேயே அப்படி. 1977 முதல் 1993 வரை அமெரிக்காவில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்ற வழிகாட்டுதல் இருந்தது. மனச்சோர்வு வருவதோ ஆண்களைப்போல ஏறக்குறைய இருமடங்கு பெண்களுக்கு.

அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்கு வீடு முழுக்க உறவினர்கள். மாத்திரை அட்டை யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள், தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே சுளீரென்று மின்சாரம். பாராக்ஸெட்டினில் இது இன்னும் மோசம். உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கிரிவலப் பாதையில் பூ விற்கும் பெண் ஒருத்தி போன மாதம் ஓர் அட்டையை நீட்டினாள். "தலைவலிக்குன்னு குடுத்தாங்கக்கா. இத்த துன்னா வாய் காஞ்சி போவுது." அமிட்ரிப்டிலின் 10. தலைவலிக்கும் தருவார்கள்தான். எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். வெளியே போகச் சிரமமா என்றும். சுற்றுமுற்றும் மகன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, "நாலு நாளாச்சிக்கா" என்றாள். "நீயா நிறுத்திடாதே, போய்க் கேட்போம்" என்றேன். செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு நானும் கூடப் போனேன். மறந்துவிடாமல் இருக்க ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்: வாய், மலம், தலைசுற்றல். வரிசையில் நிற்கும்போது இன்னொன்றும் இருக்கிறது என்றாள். பேனாவை எடுத்தேன். "அத்த எழுதாதக்கா, நானே சொல்லிக்கிறேன்."