நம் கடை வரிசையின் மேல்தளம்: சுண்ணாம்புக் காலத்திலிருந்து இன்றுவரை



போன ஐப்பசி மழையில் நம் வளாகத்தின் முன்பக்கக் கடை வரிசை ஒழுகியது எல்லோருக்கும் நினைவிருக்கும். தையல் கடைக்காரர் துணிகளைப் பாலிதீன் போட்டு மூடி வைத்தார். மருந்துக் கடையில் ஓர் அலமாரியையே நகர்த்த வேண்டி வந்தது. அந்தக் கடைகளின் வாடகையில்தான் நம் லிஃப்ட் பராமரிப்பும் காவலாளி சம்பளமும் நடக்கின்றன. ஆகவே இது கடைக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை.

செயற்குழுவிடம் இப்போது நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. பழைய தளத்தைப் பெயர்த்துச் செங்கல் ஜல்லித் தளம் போட்டு ஓடு பதிப்பது ஒன்று. தார் ஷீட் ஒட்டுவது இரண்டாவது. வெள்ளை நிற வாட்டர் ப்ரூஃப் பூச்சு அடிப்பது மூன்றாவது. மேலே இரும்புச் சட்டம் நிறுத்தித் தகர ஷீட் போடுவது நான்காவது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கட்டட வேலை மேற்பார்வையில் காலம் கழித்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். இந்த முறைகள் ஒவ்வொன்றும் எப்படி, எதற்காக வந்தன என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

தட்டட்டியின் கதை

மொட்டை மாடியை நம் பக்கத்தில் தட்டட்டி என்பார்கள். மட்டப்பா என்று சொல்பவர்களும் உண்டு. கரிசல் பூமியில் மழை குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். மலையாளக் கரை போல இங்கே சரிவான கூரை கட்டாயம் இல்லை. தட்டையான தளம் இருந்தால் மிளகாய் வற்றலும் தானியமும் காயப் போடலாம், கோடையில் இரவு படுக்கலாம்.

ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பனையோலைக்கூரைதான் பலருக்கும். தட்டைத் தளத்தின் பழைய மாதிரியைக் கோயில் மண்டபங்களில் பார்க்கலாம். தூண்களின் மேல் கல் உத்திரம், அதன்மேல் பலகைக் கல். கல்லுக்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம், அதற்கும் மேல் தட்டோடு. இன்றும் கோயில் திருப்பணி என்றால், பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுச் சுருக்கித் தளம் போட்டுத் தட்டோடு பதிப்பது முக்கியமான வேலைகளில் ஒன்று.

கம்பெனி காலத்தில் சென்னைப் பட்டணத்துக் கட்டடங்களில் பரவலானது மெட்ராஸ் டெரஸ். பிறகு தமிழ்நாடு முழுக்க அரசுக் கட்டடங்களிலும் வசதியானவர்களின் வீடுகளிலும் அதைப் பார்க்கலாம். 1876-ல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்த பிறகு நம் ஊர்ப் பக்கம் மரமும் இரும்பும் வந்து சேர்வது எளிதானது.

மெட்ராஸ் டெரஸ் போடும் விதம் இதுதான். தேக்கு மரச் சட்டங்களை வரிசையாக வைப்பார்கள். அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, குத்தாகவும் மூலைவாட்டாகவும் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவார்கள். கீழே முட்டுப் பலகை தேவைப்படாது. அது இறுகியதும் மேலே மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட உள்ளே இருக்கும் காற்று வெளியேறித் தளம் இறுகும். கடைசியாகத் தட்டோடு பதித்துப் பூசுவார்கள்.

இந்த வேலைக்கு வேண்டிய சுண்ணாம்பு நம் மண்ணிலேயே இருக்கிறது. கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாக வரும் சுக்கான் கல்லைக் காளவாயில் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். ஈரத்திலும் இறுகும் குணம் அதற்கு உண்டு.

சுண்ணாம்புத் தளம் கரிசலுக்குப் பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். நம் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகாத கட்டடங்களில் சுவர் வருடா வருடம் இம்மியளவு அசையும். சுண்ணாம்பு அந்த அசைவுக்குச் சற்று இடம் கொடுக்கும். நூலளவு விரிசல் விட்டாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் மறுபடி படிந்து அடைத்துக்கொள்வது உண்டு. சிமெண்டுக்கு அந்த இளக்கம் குறைவு.

சிமெண்ட் வந்த பிறகு

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824-ல். இந்தியாவில் அதைச் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில் நடந்தது. நமக்கு அது பக்கத்தில் வந்தது 1949-ல், திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் சங்கர் நகர் ஆலை தொடங்கியபோது. 1960-களின் தொடக்கத்தில் வடக்கே துலுக்கப்பட்டியில், இன்றைய ராமசாமிராஜா நகரில், இன்னொரு ஆலை வந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது கோவில்பட்டி. தேக்கு விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது மெல்ல மெல்ல வழக்கமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது மாறியது தளத்தின் கீழ்ப்பாதி மட்டும்தான். தேக்குச் சட்டமும் அச்சுக்கல்லும் போய் அந்த இடத்துக்குக் கான்கிரீட் வந்தது. மேலே இருந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் தட்டோட்டையும் பொறியாளர்கள் அப்படியே வைத்துக்கொண்டு, வெதரிங் கோர்ஸ் என்று பெயர் கொடுத்தார்கள். பாரம் தாங்குவது கான்கிரீட்டின் வேலை. வெயிலைத் தடுப்பதும் தண்ணீரை வடித்துவிடுவதும் மேலடுக்கின் வேலை. கான்கிரீட் மட்டும் இருந்தால் பகலில் சூடேறி இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு மேலடுக்கும் தேய்ந்தது. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைக்க நாளாகும், தட்டுவதற்கு ஆள் கூலி வேண்டும். அதனால் ஜல்லியோடு சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்தார்கள். சில இடங்களில் ஜல்லியையே விட்டுவிட்டார்கள். நம் கடை வரிசையில் போன மாதம் ஒரு மூலையில் ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் இரண்டு அங்குல மணல் சிமெண்ட் கலவை மட்டும் இருந்தது. வாட்டமும் இல்லை. தண்ணீர் வடிய வேண்டிய குழாயின் வாய் தளத்தைவிட அரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. குளம் கட்டி நிற்கும் தண்ணீர் எந்தப் பொருளாக இருந்தாலும் ஒருநாள் வழி கண்டுபிடித்துவிடும்.

மற்ற மூன்று யோசனைகள்

தகர ஷீட்டைப் போலவே சரிவான கூரைக்கு ஏற்றது மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகர ஷீட் எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ், குடோன் போன்ற பெரிய கொட்டகைகளுக்கு ஏற்றவை. ஆனால் ஏற்கெனவே கான்கிரீட் இருக்கும் கட்டடத்தின் மேல் கொட்டகை போட, தளத்தையும் கைப்பிடிச் சுவரையும் துளைத்து போல்ட் இறக்க வேண்டும். அவை ஒவ்வொன்றும் புது ஒழுகல் வாய். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்கும் ஊர்கள் நம்முடையவை. ஆடிக் காற்று ஷீட்டை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

தார் ஷீட் தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும், திறந்தபடி விட்டால் காய்ந்து வெடிக்கும். ஓட்டுக்கு அடியில் ஓர் அடுக்காகப் போட்டால் பலன் உண்டு.

வெள்ளைப் பூச்சு நமக்குப் புதிதல்ல. நம் வீடுகளில் கோடைக்கு முன் தட்டட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள்தான் நாம். இப்போது அது அரசுத் திட்டமாகவே வந்திருக்கிறது. அகமதாபாத் 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்து, பிறகு அதில் வெள்ளைக் கூரையையும் சேர்த்தது. தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. பூச்சு சூட்டைக் குறைக்கும், ஆனால் வாட்டத்தைத் தராது. கரிசல் புழுதி படிந்தால் பலனும் குறையும். கழுவ வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

என் கருத்து

பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போடக் கூடாது. மூன்று அங்குல ஜல்லித் தளமும் ஓடும் சேர்ந்தால் சதுர அடிக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் வரும். ஏற்கெனவே இருக்கும் பாரத்தோடு இதையும் ஏற்றுவது ஆபத்து. பெயர்த்துவிட்டு, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வைத்து, குழாய் வாயை இறக்கி, தார் ஷீட் ஒட்டி, சுண்ணாம்பு ஜல்லித் தளம் போட்டு, வெளிர் நிற ஓடு பதிப்பதே என் யோசனை. செலவு அதிகம்தான், ஆனால் கோயில் மண்டபத்திலிருந்து இன்றுவரை நம் மண்ணில் நின்று காட்டிய முறை அது. பணம் போதாது என்றால் வாட்டத்தையும் குழாயையும் மட்டும் முதலில் சரிசெய்து, இந்த வருடத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். வாட்டத்தை விட்டுவிட்டுப் பூச்சுக்குச் செலவழிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வேலை முடிந்ததும் குழாயை அடைத்துத் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும். ஆவணிக்குள் முடிய வேண்டுமானால் சித்திரையிலேயே தொடங்க வேண்டும். ஆகவே அடுத்த பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். வருவதற்கு முன் ஒருமுறை கடை வரிசைத் தட்டட்டியில் ஏறி, தண்ணீர் தேங்கிய கறையை நேரில் பார்த்துவிட்டு வந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.