இரண்டு முறை ஊர் மாறிய தேவாலயம்

வீடு காலி செய்யும்போது கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர் எல்லாம் லாரியில் ஏறும். சுவர் மட்டும் ஹவுஸ் ஓனருக்கு! ஆனால், சுவரையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு, ஒரு முறை அல்ல, இரண்டு முறை இடம் மாறிய ஒரு தேவாலயம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பிரான்ஸில் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் நதிப் பள்ளத்தாக்கில் ஷாஸ் என்றொரு கிராமம். அங்கே 15-ம் நூற்றாண்டில் எழுந்தது செயின்ட் மார்ட்டின் தேவாலயம். ரொம்பச் சின்னது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கவனிக்க ஆளில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடிய ஆரம்பித்தது.

முதல் உலகப்போர் முடிந்த பிறகு, ழாக் குவெல் என்ற இளம் ஆர்க்கிடெக்ட் கண்ணில் பட்டது அந்தச் சிதிலம். வாங்க ஆள் கிடைத்தது அமெரிக்காவில். கெர்ட்ரூட் ஹில் கேவின் என்ற சீமாட்டி. அப்பா ஜேம்ஸ் ஹில், பெரிய ரயில்வே அதிபர். பணத்துக்குக் கேட்கவா வேண்டும்? 1927-ல் தேவாலயம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டுக் கப்பலேறியது. நியூயார்க் அருகே, லாங் ஐலண்டில் இருந்த அவருடைய மாளிகையை ஒட்டி மறுபடி எழுந்தது.

இது மீட்பா, பறிப்பா? விட்டிருந்தால் இடிந்து மண்ணாகியிருக்கும் என்பது நிஜம்தான். அதற்காக, ஒரு கிராமமே மண்டியிட்டுக் கும்பிட்ட இடம் ஒரு பணக்கார வீட்டின் பூஜை அறையாக வேண்டுமா? எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

கேவின் அம்மாளுக்கு ஜோன் ஆஃப் ஆர்க் மீது அலாதி பக்தி. 1431-ல் உயிரோடு எரிக்கப்பட்ட அந்தப் பெண் 1920-ல்தான் புனிதர் ஆனார். ஜோன் பிரார்த்தனை முடித்து முத்தமிட்டதாகச் சொல்லப்படும் ஒரு கல்லைக் கொண்டுவந்து உள்ளே பதித்தார் கேவின். அன்றிலிருந்து அந்தக் கல் மட்டும் சில்லென்று இருக்கிறதாம்! ஆதாரம் கேட்காதீர்கள். கதைதான். ஆனால், ஷாஸ் கிராமத்தின் மார்ட்டின், தன் கோயிலிலேயே பெயரை இழந்தார். இன்று அது 'ஜோன் ஆஃப் ஆர்க் தேவாலயம்'.

1962-ல் எஸ்டேட் கைமாறியது. வாங்கியவர் டிராக்டர் கம்பெனித் தலைவராக இருந்த மார்க் ராய்ட்மன். தம்பதி குடிபுகுவதற்குள் மாளிகையில் தீ! அத்தனையும் சாம்பல். ஒட்டி நின்ற தேவாலயத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. 1964-ல் அதை மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். (கடைத்தெரு மார்க்கெட் இல்லை. ஒரு பாதிரியாரின் பெயர்.) மறுபடியும் எண் போட்டு, கல் கல்லாகப் பிரித்தார்கள். அதற்கே 9 மாதம். இந்த முறை கப்பல் இல்லை, லாரி. 1966 மே மாதம் புதிய இடத்தில் அர்ச்சிப்பு நடந்தது.

அந்தத் தரையில் சோத்ரோ என்ற வீரரின் கல்லறையைக் குறிக்கும் கல் ஒன்று இருக்கிறது. ஷாஸில் ஒரு காலத்தில் கோட்டை அதிகாரியாக இருந்தவர். உள்ளே வருகிறவர்கள் அதைத் தாண்டிப்போய் ஜோனின் கல்லைத் தொடுகிறார்கள். அப்புறம் பக்கத்துக் கல்லையும் தொட்டுப் பார்க்கிறார்கள்!