வண்டி விளக்கின் வைத்தியம்

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் பெருஞ்சாலை வைப்பாற்றைக் கடக்கும் இடத்தில் அமைந்திருப்பதனாலேயே சாத்தூர், காரச்சேவுக்கும் பேனா நிப்புக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, இராப் பிரயாணிகளுக்கு நன்கு அறிமுகமான ஊராக இருந்துவந்தது. 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் பாதை இவ்வூர் வழியாகத் திறக்கப்பட்ட பின்னரும், பருத்திப் பொதிகளை ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்க்கவும் அங்கே இறங்கிய சாமான்களைக் கிராமங்களுக்கு எடுத்துச் செல்லவும் மாட்டுவண்டிகளே வேண்டியிருந்தன. கரிசல் பூமியின் கோடை வெயிலில் மாடுகளை வாட்ட மனமில்லாத வண்டிக்காரர்கள் பொழுது சாய்ந்த பிறகே வண்டி பூட்டினார்கள். இரவில் ஓடும் வண்டிக்கு விளக்கு வேண்டும். விளக்கு என்று ஒன்று இருந்தால் அது மங்குவதும் உண்டு. மங்கினால் வைத்தியம் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த வைத்தியத்தின் சரித்திரத்தை, இன்று அதே சாலையில் விரையும் கார்களில் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் பதித்திருக்கிற தொடுதிரை வரைக்கும் தொடர்ந்து பார்ப்பதே இங்கே நோக்கம்.

ஆதியில் அது மிக எளிய வைத்தியமாக இருந்தது. வண்டியின் அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அச்சை ஒட்டித் தொங்கிய அரிக்கேன் லாந்தர் மங்கியதென்றால், திரி கருகியிருக்கும், அல்லது கண்ணாடியில் கரி படிந்திருக்கும், அல்லது சீமையெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். இவற்றைத் தவிர வேறு காரணத்தைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. திரியின் நுனியைக் கத்தரித்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டால் வண்டிக்காரனே தன் விளக்குக்கு வைத்தியனாகிவிடுவான். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்திலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்கு வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் இரவோடு இரவாகப் போன நாட்களில், முன்வண்டிக்குப் பின்வண்டி என்று லாந்தர்கள் வரிசையாக ஆடிக்கொண்டு சென்றிருக்கும். ஆயினும் அந்த வெளிச்சத்தில் வண்டிக்காரன் சாலையைப் பார்த்தான் என்று எண்ணுவது பிசகு. வழி மாட்டுக்குத் தெரியும். எதிரே வருகிறவன் வண்டியைத் தெரிந்துகொள்வதற்காகவே லாந்தர்.

மோட்டார் வந்தவுடன் இந்த ஏற்பாடு தலைகீழாக மாறியது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொழிலில் இறங்கி, மதுரையைத் தலைமையிடமாக வைத்து மோட்டார் போக்குவரத்தைத் தென்னாட்டு ஜனங்களுக்குப் பழக்கப்படுத்தத் தொடங்கிய காலத்தில், மோட்டாரின் முன்விளக்கு பெரும்பாலும் கார்பைடு விளக்காகவே இருந்தது. 1892-ல் தாமஸ் வில்சன் என்ற கனடா நாட்டவர் மின் உலையில் கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததன் விளைவு அது. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைடு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ விழ அசெட்டிலின் வாயு எழும்பி, ஒரு சிறு துவாரத்தின் வழியே வெளிவந்து, கண் கூசும் வெண்சுடராக எரியும். கூடவே பூண்டு நாற்றமும் வரும். இந்த விளக்கு மங்கினால் தண்ணீர்க் குழாயின் திருகைச் சரிபார்க்கவேண்டும். எரிந்து தீர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டி எறியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மயிரிழை போன்ற கம்பியை விட்டுச் சுடர்த் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்யவேண்டும். அதற்குமேல் விளக்கை ஒவ்வொரு தடவையும் தீக்குச்சி கிழித்துத்தான் ஏற்றவேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-ல் சிவகாசியில் அதைத் தொடங்கி, அது சாத்தூருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் பரவியபோது, கரிசல் காட்டுக் காற்றில் அணைந்து அணைந்து போன மோட்டார் விளக்குகளும் அந்த வியாபாரத்துக்குத் தம்மாலான உபகாரத்தைச் செய்திருக்கும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

லாந்தரிலும் சரி, கார்பைடு விளக்கிலும் சரி, சக்தி பிறக்கும் இடமும் ஒளி எரியும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. ஆகையால் நோயும் அங்கேயே இருந்தது. 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஏற்பாடு வந்து, பிற கார்களும் அதைப் பின்பற்றத் தொடங்கியவுடன், சக்தி ஓரிடத்திலும் ஒளி வேறோரிடத்திலும் பிரிந்துபோயின. இடையில் ஒரு கம்பி நீண்டது. மங்கல் அந்தக் கம்பியில் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். வண்டிக்காரனின் கையிலிருந்து வைத்தியம் நழுவி, மோட்டார் எலக்ட்ரீஷியன் என்ற புதிய ஜாதித் தொழிலாளியின் கைக்குப் போனது இப்படித்தான்.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, தென்மாவட்டங்களில் மின்சாரம் மெல்ல மெல்லப் பரவிய பின்னர், பெருஞ்சாலையோரத்து ஊர்களிலெல்லாம் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை ஒன்று முளைத்தது. அதையடுத்து ஆர்மேச்சர் கட்டுகிறவர், அதற்கடுத்து வயரிங் பார்க்கிறவர். அவர்களிடம் வந்துசேர்ந்த சாமான்களில் பெரும்பகுதி பர்மிங்ஹாம் லூக்காஸ் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் ஸ்தாபகருக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டம் சூட்டிப் பரிகாசம் செய்தவர்களும் உண்டு; நாம் அதில் தலையிட வேண்டியதில்லை. 1961-ல் அதே லூக்காஸ், டி.வி.எஸ். குடும்பத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் ஸ்தாபனம் அமைத்த பிறகு, டைனமோவும் செல்ப் மோட்டாரும் நம் நாட்டிலேயே உற்பத்தியாகி, சாத்தூர் போன்ற ஊர்களின் பட்டறைகளுக்கும் எளிதாக வந்து சேர்ந்தன.

இந்தப் பட்டறைகளின் முறையைச் சற்று நின்று கவனிப்பது தகும். தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிய லாரி ஒன்று அந்தி நேரத்தில் வந்து நிற்கிறது. "லைட்டு மின்னட்டாம்பூச்சி மாதிரி எரியுது, அண்ணாச்சி" என்கிறார் டிரைவர். பையன் பல்பைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு ஓடுகிறான். "பல்பைத் தொடாதடா, முதல்ல எர்த்தைப் பாரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறார் மேஸ்திரி. மோட்டார் வண்டியில் விளக்குக்குப் போவது ஒரே கம்பி. மின்சாரம் திரும்பி வரும் பாதையாக வண்டியின் இரும்புச் சட்டமே உதவுகிறது. விளக்கு அந்தச் சட்டத்தோடு சேரும் போல்ட்டில் துரு ஏறினாலும், பெயிண்டு அடிக்கிறவன் அதன்மேல் ஒரு பூச்சு இழுத்துவிட்டாலும், திரும்பும் பாதை அடைபட்டுப் போகும். பையன் ஒரு நீளக் கம்பியின் ஒரு நுனியை பேட்டரியின் எர்த்திலும் மறு நுனியை விளக்குக் கூட்டின் இரும்பிலும் வைக்கிறான். பளிச்சென்று விளக்கு எரிகிறது. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, ஒரு புது வாஷர், கொஞ்சம் கிரீஸ், வைத்தியம் முடிந்தது.

இதில் மேஸ்திரியின் அனுபவத்தோடு பௌதிக சாஸ்திரமும் ஒத்துப்போகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர்விகிதமாகக் குறைவதில்லை. பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 12 வோல்ட்டு வண்டியில் ஒரு துருப்பிடித்த மூட்டு 1.2 வோல்ட்டை விழுங்கிவிட்டாலே டிரைவரின் கண்ணுக்குச் சாலை மறைந்துவிடுகிறது. பழைய டைனமோ வண்டி ரயில்வே கேட்டில் நின்று மெதுவாக ஓடும்போது விளக்கு சோர்ந்து விழுவதும், ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் எழுந்துகொள்வதும் இதே நியதிப்படிதான். டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தபோது அந்தக் காட்சி மறைந்தது. எர்த்து மட்டும் மறையவில்லை. மத்தாப்பும் தீக்குச்சியும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பிரதேசத்தில் தளர்ந்த மூட்டு வெறும் மங்கலோடு நின்றுவிடும் வியாதி அன்று. அங்கே ஒரு பொறி பறந்தால் விளைவு என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்து எலக்ட்ரீஷியன் மூட்டைக் கண்டு பயப்பட நியாயம் உண்டு.

ஆக, மங்கல் என்றால் பலவீனம், பலவீனம் என்றால் வழியில் எங்கோ கசிவு என்பதே நெடுங்காலச் சித்தாந்தம். இதற்கு விலக்கும் அந்தக் காலத்திலேயே இருந்தது. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது, 1942-ல் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சி மூட்டை கட்டிய நாட்களில், மோட்டார் விளக்குகளுக்கு முகமூடி போடவேண்டும் என்று சர்க்கார் ஆணையிட்டது. பேட்டரி நன்றாக இருந்தது, பல்பு நன்றாக இருந்தது. விளக்கு மங்கியதற்குக் காரணம் உத்தரவு. எதிரே வருகிறவனின் கண் கூசாமல் 'டிம்' அடிக்கும் சாலை மரியாதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதற்கு உத்தரவிடுவது டிரைவரின் மனசாட்சி. அந்த மரியாதை இன்று நாலு வழிச்சாலையில் அருகிவருவது வேறு விஷயம்.

உத்தரவினால் வரும் இந்த மங்கலே இன்றைய காரின் தொடுதிரையில் முக்கியமாகிறது; அந்தத் திரையின் பூர்வோத்தரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1965-ல் இங்கிலாந்தின் மால்வர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இ. ஏ. ஜான்சன் விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். 1986-ல் அமெரிக்காவின் பியூக் ரிவியேரா கார் அப்படிப்பட்ட திரையோடு சந்தைக்கு வந்தது. சாலையை விட்டுத் திரையைப் பார்க்கவேண்டியிருக்கிறதே என்று வாங்கினவர்கள் முணுமுணுத்ததால் சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. அந்த முணுமுணுப்பில் இருந்த நியாயம் இன்றும் தீர்ந்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம். நமக்கு முக்கியமானது அதன் பின்னர் கார்களுக்கு வந்த திரவப் படிகத் திரை. 1968-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி அறிமுகம் செய்த அந்தத் திரைக்குச் சுயப்பிரகாசம் கிடையாது. அது ஒரு சல்லடை மட்டுமே. பின்னாலிருந்து வேறொரு விளக்கு அதன் வழியே ஒளி பாய்ச்சவேண்டும். 1993-ல் ஜப்பானில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டி, அதன் பயனாக வெள்ளை எல்.இ.டி. வந்து, அந்தத் துறையில் உழைத்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கார்த் திரைகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் எரிவது அந்த வெள்ளை எல்.இ.டி. வரிசையே.

இங்கேதான் மேஸ்திரியின் சித்தாந்தம் பாதி செல்லுபடியாகிறது, பாதி பொய்க்கிறது. எல்.இ.டி. வரிசையை இயக்கும் சிறு சுற்று, பேட்டரி சற்று ஏறினாலும் இறங்கினாலும் மின்னோட்டத்தை ஒரே அளவில் காத்துவருகிறது. ஆகவே எர்த்து கெட்டால் திரை துடிக்கும், அணைந்து அணைந்து எரியும். இழை பல்பைப் போலப் படிப்படியாகச் சோராது. ஒரே சீராகத் திரை மங்கி நிற்கிறதென்றால், மங்கு என்று அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பதே முதல் ஊகமாக இருக்கவேண்டும்.

யார் சொன்னது? சாத்தூர்க் கடைத்தெருவில் இப்போது கார் ஸ்டீரியோவும் ஆண்ட்ராய்டு திரையும் பொருத்தும் இளைஞர் முதலில் பார்க்கவேண்டியது ஒரு ஆரஞ்சு நிறக் கம்பியை. வெளிச்சந்தையில் விற்கும் திரைகளில் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் உள்ளது; சிவப்பில் சாவி திருப்பினால்தான் மின்சாரம் வரும்; கறுப்பு எர்த்து; ஆரஞ்சோ வண்டியின் விளக்கு எரிகிறதா என்ற சமாசாரத்தைத் திரைக்குத் தெரிவிப்பது. விளக்கு எரிந்தால் இரவு வந்துவிட்டதென்று எண்ணி, ஓட்டுகிறவரின் கண் கூசாதிருக்கத் திரை தன் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. பொருத்துகிறவர் அவசரத்தில் அதைச் சிவப்போடு முறுக்கிவிட்டால், அந்தத் திரைக்கு நடுப்பகலும் நள்ளிரவே. கம்பி சரியாக இருந்தும், பார்க் லைட்டை அணைக்க மறந்து பகலில் ஓட்டுகிறவருக்கும் இதே தொல்லை. கம்பெனியே பொருத்திய திரையாயின், வெளிச்சத்தை அறியும் சிறு உணர்கருவி முகப்பின்மேல் எங்கேனும் இருக்கலாம். அதன்மேல் சாமி படத்தை ஒட்டிவிட்டுத் திரை மங்குகிறதென்று வருந்துவதும் நடக்கிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் உள்வெப்பம் மிக ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ளச் சில திரைகள் தாமே ஒளியைத் தணித்துக்கொள்ளும்; வண்டி குளிர்ந்ததும் சரியாகிவிடும்.

இவற்றோடு, நோயே இல்லாத மங்கலும் உண்டு. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் கொட்டுகிற கரிசல் காட்டில், சில நூறு நிட் பிரகாசமுள்ள மலிவுத் திரை எப்படிப் போட்டியிட முடியும்? திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. ஆகையால் போலராய்டு கண்ணாடி அணிந்தவர் தலையைச் சற்றுச் சாய்த்தால் திரை கறுத்தே போகும். கண்ணாடியைக் கழற்றினால் போதும். மெய்யான நோய் பின்விளக்கு இறந்துபோவதுதான்: இருட்டில் கைவிளக்கைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்த்தால் எழுத்துகள் நிழலாகத் தெரியும், தெரிந்தால் சல்லடை உயிரோடிருக்கிறது, பின்னாலுள்ள வரிசையோ அதை இயக்கும் சுற்றோ பழுதாகியிருக்கிறது என்று நிச்சயிக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையுள்ள தொழிலாளிகள் குறைந்துவருகிறார்கள். "புதுசு மாத்திருங்க சார்" என்பதே பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் மருந்துச்சீட்டு. ஆர்மேச்சரை அவிழ்த்துச் செப்புக் கம்பியைத் திரும்பச் சுற்றிக் கொடுத்த தொழிலின் வாரிசுகளிடமிருந்து இதைக் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் ஒட்டி மூடிய பெட்டியாகவே சாமானைச் செய்து அனுப்புகிறவர்களையல்லவா முதலில் குறைசொல்லவேண்டும்.

ஆகவே, காரின் திரை மங்கிவிட்டதென்று கடைக்குப் போகிறவர்கள், பார்க் லைட்டை ஒருமுறை அணைத்துப் பார்த்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பிரகாசத்தின் அளவைத் திரையின் அமைப்புகளில் ஏற்றிப் பார்த்து, அதன் பிறகும் குறை தீரவில்லையென்றால், ஆரஞ்சுக் கம்பியை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். அதற்கு அவர் பதில் சொல்லும்வரை புதுத் திரைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.