கிரீஸ் புகைந்த இறக்கம்

போன ஐப்பசியில் என் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். காரணம் நான். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அவனிடம் இருப்பது மலைச் சைக்கிள். புதுச்சேரியில் ஏது மலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மருமகன் கடையில் பணம் கட்டிய அன்றே நானும் கேட்டேன். குயிலாப்பாளையம், இடையன்சாவடிப் பக்கம் செம்மண் மேட்டை மழைத்தண்ணீர் அறுத்து அறுத்துப் பள்ளமும் ஓடையுமாக வைத்திருக்கிறதல்லவா, அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நாலு பையன்களோடு போவான். வரும்போது வண்டியும் ஆளும் ஒரே நிறமாக இருப்பார்கள்.

ஒரு மழைக்குப் பிறகு பின்சக்கரம் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. எங்கள் காலத்து ஆட்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான். சைக்கிள் கத்தினால் எண்ணெய் விடு. என் அப்பாவின் 28 அங்குல வண்டிக்கு மாதம் ஒருமுறை செயின், பெடல், ஹப், பிரீவீல் என்று நான் எண்ணெய் விட்டவன். வருஷம் ஒருமுறை ஓவராயிலுக்கு விட்டு, கோன் கழற்றிப் பழைய கிரீஸ் வழித்துப் புதுசு அடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அந்த மிதப்பில், பேரன் தூங்கும்போது தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, சத்தம் வந்த இடத்திலேயே நாலு சொட்டு விட்டேன். அது பிரேக் டிஸ்க். சத்தம் நின்றது. மறுநாள் ஓடை இறக்கத்தில் பிரேக்கும் நின்றது.

கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, "டிஸ்க்குக்கு எண்ணெய் விட்டது யாருங்க ஐயா?" என்றார். "நான்தான்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தகட்டைப் பிடிக்கும் பிரேக் கட்டை எண்ணெயைக் குடித்துவிடுமாம்; பிறகு துடைத்தாலும் போகாது, புதுசு போட வேண்டியதுதான். தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

ஆறு வாரம் அவன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வீட்டில் இருந்தான். குற்ற உணர்ச்சியோ என்னவோ, இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று நான் படிக்கத் தொடங்கினேன். பிரெஞ்சில் இதை 'வே தே தே' என்பார்கள், எந்தத் தரையிலும் ஓடும் வெலோ என்று பொருள். பள்ளியில் படித்த பிரெஞ்சு ஓய்வுக்குப் பிறகு இப்படித்தான் உபயோகப்படுகிறது.

கதை கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மாவட்டத்தில் நடக்கிறது. 1970களில் அங்கே சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைக் குப்பை விலைக்கு வாங்கினார்கள். தடித்த பலூன் டயர், கனத்த இரும்புச் சட்டம், கியர் கிடையாது. மட்காடு, அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலைமேல் ஏற்றிக்கொண்டு போய் மண் பாதையில் இறங்குவார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின்சக்கரம் நிற்கும்; பிரேக் முழுவதும் பின் ஹப்புக்குள்ளேதான்.

1976 அக்டோபர் 21ஆம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு இறக்கத்தில் முதல் பந்தயம் வைத்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கொஞ்சம் காற்றிலும் மண்ணிலும் போகும். மீதியெல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற அந்த ஹப்புக்குள் சூடாக இறங்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி, புகைந்து, ஆவியாகிப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்காமல் மறுபடி இறங்க முடியாது. திரும்ப அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது, இன்றைக்கும் அதுதான் பெயர்.

இதைப் பேரனிடம் படித்துக் காட்டியபோது, "பாத்தீங்களா தாத்தா, அந்த பிரேக்குக்கு கிரீஸ் இல்லன்னா ஆபத்து, என் பிரேக்குக்கு இருந்தா ஆபத்து" என்றான். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அந்தப் பந்தயங்களை நடத்தியவர் சார்லி கெல்லி. மேலே ஒரு கடிகாரம், கீழே ஒரு கடிகாரம். யார், எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதி வைத்தார். கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியது அப்படித்தான் நமக்குத் தெரிகிறது. பழைய சட்டங்கள் உடைந்துகொண்டே இருந்ததால், ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே புதுச் சட்டம் ஒன்றைக் கட்டினார். அது இப்போது அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும் கம்பெனி தொடங்கினார்கள். சட்டம் செய்து கொடுத்தவர் டாம் ரிட்சி. 1981இல் ஜப்பானில் செய்த ஸ்டம்ப்ஜம்ப்பர் தொழிற்சாலை வண்டியாகவே வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் சேர்ந்தது. இருபதே வருஷம்.

ஆனால் பிரெஞ்சில் படித்தபோது வேறொன்று அகப்பட்டது. 1951 முதல் 1956 வரை, பாரிஸ் புறநகர்ப் பையன்கள் இருபது பேருக்குச் சற்று அதிகமானவர்கள், 'வெலோ குரோஸ் கிளப் பரிசியேன்' என்று பெயர் வைத்துக்கொண்டு, சாதாரண வண்டிகளை மாற்றிக் கட்டி, கரடுமுரடான மண்ணில் ஏறி இறங்கி விளையாடினார்கள். கலிபோர்னியாக்காரர்களுக்கு இருபது வருஷம் முன்னால்! பிறகு கிளப் கலைந்தது, உலகம் மறந்துவிட்டது. என் பள்ளி ஆசிரியர்கள் பிரான்ஸின் பெருமை என்று எவ்வளவோ நெட்டுருப் போட வைத்தார்கள், நதிகள், அரசர்கள், நெப்போலியன் போர்கள். இந்தப் பையன்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

முப்பத்தாறு வருஷம் கோப்பு தள்ளிய எனக்கு, அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கெல்லியின் நோட்டுப் புத்தகம்தான் என்று படுகிறது. 1980இல் 'ஃபேட் டயர் ஃப்ளையர்' என்று அவர் பத்திரிகை வேறு நடத்தினார். உடல்பலத்திலோ துணிச்சலிலோ பாரிஸ் பையன்கள் குறைந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. ஜப்பானியத் தொழிற்சாலை கையில் இருந்ததல்லவா என்பீர்கள். சரி, அதுவும்தான். ஆனாலும் தொழிற்சாலைக்காரன் எதைப் பார்த்து நம்பினான்?

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அந்த முதல் ஸ்டம்ப்ஜம்ப்பரில் பூட்டிய பிரேக் மஃபாக், பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் செய்தது. பெடல் கிராங்க்கும் பிரெஞ்சுச் சரக்குதான். பாரிஸ் பையன்களை மறந்த வண்டி, அவர்கள் நாட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்கு வந்தது.

தை பிறந்ததும் எலும்பு கூடி, பேரன் மறுபடி செம்மண்ணுக்குப் போக ஆரம்பித்தான். முதல் நாள் அவன் திரும்பி வரும்வரை நான் வாசல் திண்ணையை விட்டு எழவில்லை. இப்போது வண்டி நிற்கும் இடத்தில் ஆணி அடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன், தேதி, செய்த வேலை, கையொப்பம் என்று கோடு போட்டு. மண்ணை ஈரத்துணியால் துடைப்பது, செயினைக் கழுவிக் காயவைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு மிச்சத்தை வழித்தெடுப்பது, டயரில் காற்று பார்ப்பது இதெல்லாம் என் பங்கு. செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கைப் பழந்துணியால் மூடிக்கொள்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில், என் கோடுகளுக்கு மேலே, பேரன் கட்டை விரல் தடிமனில் எழுதியிருக்கிறான்: "டிஸ்க் – தாத்தா தொடக் கூடாது."

கீழே நான் கையொப்பம் போட்டிருக்கிறேன்.